சிரமப்படும் குடும்பங்களுக்குக் குழந்தைப் பொருட்கள்: எதை வாங்குவது, எதை மறுப்பது, எப்படிக் கொடுப்பது

கேள்வி: பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் சும்மா கிடக்கும் துணிமணி, டயப்பர், தொட்டில், தள்ளுவண்டி, பால் பவுடர் எல்லாவற்றையும் சேகரித்து, கைக்குழந்தையோடு சிரமப்படும் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் நினைத்திருக்கிறோம். அறிவிப்பு எப்படிப் போடுவது, எதையெல்லாம் வாங்கலாம், எப்படிப் பகிர்ந்து கொடுப்பது?

பதில்:

நல்ல யோசனைதான். ஆனால் அறிவிப்பை இன்றைக்கே போட்டுவிடாதீர்கள். இந்த வேலையில் பொருள் சேர்ப்பது மிகவும் சுலபம். ஒரு வாரத்தில் அறை நிறைந்துவிடும். அந்த அறையில் இருப்பதற்கும், வாங்கிக்கொள்ள வேண்டிய குடும்பங்களுக்குத் தேவைப்படுவதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்றால், குழந்தைகள் வளரும் வேகம். பிறந்த எடை 5 மாத வாக்கில் இரட்டிப்பாகிறது, ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. முதல் மூன்று மாத உடைகள் நாலைந்து தடவை போட்டதோடு சின்னதாகிவிடும். சிலவற்றைப் பிரிக்காமலேயே வைத்திருப்பார்கள். எல்லா வீட்டிலும் மிச்சப்படுவது அதுதான், எல்லோரும் மூட்டை கட்டிக் கொடுப்பதும் அதைத்தான். தவழத் தொடங்கிய பிள்ளையின் உடை அப்படியில்லை. முட்டி தேய்ந்து, கறை படிந்து, நைந்து போகும்வரை போட்டுவிடுவார்கள். அதனால் ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரைக்கான உடை எப்போதும் குறைவாகவே வரும். கேட்பவர்களோ அதைத்தான் அதிகம் கேட்பார்கள்.

ஆகவே முதல் வேலை, வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது. நீங்களாக வீடு வீடாகப் போய் "யார் ஏழை?" என்று தேட வேண்டாம். அது உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். இந்தக் குடும்பங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் இருக்கிறார்கள்: வீடுகளுக்குப் போய்வரும் சுகாதாரப் பணியாளர்கள், பிரசவம் பார்க்கும் செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்கள், வீட்டு வன்முறையிலிருந்து வெளியேறிய பெண்களுக்கான விடுதிகள். இவர்களில் இரண்டு மூன்று பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "உங்களிடம் வருகிற தாய்மார்களுக்கு இப்போது எது இல்லாமல் அவதி?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அறிவிப்பே எழுத வேண்டும்.

அந்தப் பதிலில் அநேகமாக முதலில் வருவது டயப்பராக இருக்கும். பிறந்த புதிதில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 வரை தேவைப்படும். ஒரு வயதை நெருங்கினாலும் 5, 6 ஆகும். மாதக் கணக்கில் பார்த்தால் அது நூற்றுக்கணக்கில் போகிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 877 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர், குழந்தைக்குத் தேவையான அளவு டயப்பர் வாங்க முடியவில்லை என்றார்கள். மனநல உதவி தேவைப்பட்ட பெண்களிடம் இந்தத் தட்டுப்பாடு கூடுதலாகக் காணப்பட்டது. வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரே டயப்பரை மணிக்கணக்கில் விட்டுவைப்பார்கள், அல்லது ஈரத்தை உதறிவிட்டு மறுபடி கட்டுவார்கள். தோல் வெந்து, குழந்தை அழுது, இரவெல்லாம் தூக்கமில்லாமல் போவது அப்புறம்.

பிரித்த பாக்கெட்டில் மீதமிருக்கும் டயப்பரைத் தாராளமாக வாங்கலாம். பிள்ளை அடுத்த அளவுக்குப் போய்விட்டதால் பாதிப் பாக்கெட் மிஞ்சாத வீடே இல்லை. ஒவ்வொன்றும் சுத்தமாக, உலர்ந்திருந்தால் போதும். பல வருடம் கிடந்திருந்தால் மட்டும் ஒட்டும் பட்டையை இழுத்துப் பாருங்கள், பசை காய்ந்திருக்கலாம். புதிதாக வாங்கித் தர முன்வருபவர்களிடம் பெரிய அளவுகளைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பச்சிளங்குழந்தை அளவைத்தான் வாங்கி வருவார்கள், பார்க்க அழகாக இருக்கிறதே! துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் நல்ல மாற்றுதான், ஆனால் அதைக் கேட்டுக் கொடுங்கள். தண்ணீர் கஷ்டம் இருக்கும் வீட்டில், துணி காயப்போட இடமில்லாத ஒற்றை அறையில் இருக்கும் தாய்க்கு அது உதவியில்லை, கூடுதல் வேலை.

இனி, பலரும் மனவருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பால் பவுடரையும் பால் புட்டியையும் பொதுவில் சேகரிக்காதீர்கள், பொதுப் பையில் போட்டுக் கொடுக்கவும் செய்யாதீர்கள்.

இதைச் சொன்னால், "பசித்த குழந்தைக்குப் பால் கொடுப்பதில் என்ன தப்பு?" என்று உடனே கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. இதன் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேச நெறிமுறையை, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை 1981-இல் ஏற்றது. மருத்துவமனை, சுகாதார நிலையம் எங்கும் இவற்றை இலவசமாகவோ சலுகை விலையிலோ வழங்கக்கூடாது என்று 1994-இல் அதே பேரவை மேலும் கறாராகச் சொன்னது. பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. அதனால் உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். இலவசமாக நாலு டப்பா கிடைத்ததும் தாய் அதைக் கொடுக்கத் தொடங்குகிறாள். குழந்தை மார்பில் குடிப்பது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறைகிறது. நாலு டப்பாவும் தீரும்போது இலவசமும் இல்லை, தாய்ப்பாலும் இல்லை. மிச்சத்தை நீட்டிக்க அவள் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவாள். அது குழந்தையின் உடம்புக்கு நேரடி ஆபத்து. இன்னொன்று, பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். சுத்தமான தண்ணீர், அதைக் கொதிக்க வைக்க எரிபொருள், புட்டியை வேகவைக்கப் பாத்திரம் எல்லாம் சரியாக இருக்கும் வீட்டில் பயமில்லை. நீங்கள் தேடிப் போகும் வீடுகள் அநேகமாக அப்படி இருக்காது.

2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. நல்லெண்ணத்தோடு பால் பவுடர் வந்து குவிந்தது. பின்னர் நடந்த ஆய்வில், நன்கொடைப் பால் பவுடர் வாங்கிய சிறு குழந்தைகளில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. வாங்காதவர்களிடம் அது 12 விழுக்காட்டுக்கும் குறைவு. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்குத் தேவை என்று பாராமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, ஏற்கெனவே பவுடர் பாலில் வளரும் குழந்தைக்கு என்ன செய்வது? அம்மா இறந்திருக்கலாம், மருத்துவக் காரணம் இருக்கலாம், பால் நின்றே போயிருக்கலாம். அந்தக் குழந்தைக்குப் பவுடர் கட்டாயம் வேண்டும், விட்டுவிட்டுக் கொடுப்பதும் ஆகாது. அப்படிப்பட்ட குடும்பத்தைச் சுகாதாரப் பணியாளரோடு இணைத்துவிடுங்கள். அவர் குழந்தையைப் பார்த்து இன்ன வகை, இத்தனை மாதத்துக்கு என்று சொன்னால், உங்களிடம் சேர்ந்த பணத்தில் புதிதாக, சீல் உடையாமல் வாங்கி அந்த ஒரு குழந்தைக்கென்று கொடுங்கள். யாரோ வீட்டில் பிரித்து மூடிவைத்த டப்பா எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கோ, குழந்தையை மார்பில் சரியாகப் பிடிக்கச் சொல்லித்தரும் ஒரு செவிலியரின் அரை மணி நேரத்தை ஏற்பாடு செய்துவிட்டால் எந்த டப்பாவையும் விட அது பெரிய உதவி. தாய்ப்பாலைக் கறந்து எடுக்கும் பிரெஸ்ட் பம்ப், பயன்படுத்தியதாக இருந்தால் அதையும் வாங்காதீர்கள். வீட்டு உபயோகத்துக்கான பம்ப் ஒருவருக்கானது. குழாயிலும் மோட்டார்ப் பகுதியிலும் பால் ஏறியிருந்தால் வெளியே கழுவிப் பயனில்லை.

அடுத்தது பெரிய சாமான்கள். இதில் மறுக்கப் பழகுவதுதான் பாதி வேலை.

தொட்டில் கட்டில் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். கிறீச்சிட்டாலோ ஒரு மூலை தனியாக அசைந்தாலோ அங்கே திருகு இல்லை, அல்லது துளை பெரிதாகிவிட்டது. காணாமல் போன திருகுக்குப் பதிலாகக் கம்பி கட்டியிருந்தால் அத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிறகு கம்பிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி. 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். ஒரு குளிர்பான டின் அதற்குள் நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். மெத்தைக்கும் கட்டிலின் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகக்கூடாது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக்கூடாது. பக்கவாட்டுச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற மாதிரி என்றால் பார்க்கவே வேண்டாம். குழந்தைகள் அதில் சிக்கி இறந்ததால் 2011-இல் அமெரிக்கா அந்த வகைக்குத் தடை போட்டது. பழைய பெயின்ட் உரிந்திருந்தால் ஈயம் இருக்கக்கூடும், அதையும் விட்டுவிடுங்கள்.

கட்டிலோடு சேர்த்துப் பஞ்சு வைத்த சுற்றுத் தடுப்பு, குட்டித் தலையணை, கரடி பொம்மை எல்லாம் ஒரே செட்டாக வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வயதுக்குள் தூங்கும் இடத்தில் இவை எதுவும் கூடாது. கெட்டியான மெத்தை, இறுக்கமான விரிப்பு, மல்லாந்து படுத்த குழந்தை, அவ்வளவே. குழந்தையைச் சாய்வாகப் படுக்கவைக்கும் படுக்கைகளும் அப்படித்தான். தலை முன்னே சாய்ந்து மூச்சு அடைபடும். சுற்றுத் தடுப்பையும் இந்தச் சாய்வுப் படுக்கைகளையும் அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டு நிறுத்தியது. சக்கரம் வைத்த வாக்கரைக் கனடா 2004-லேயே தடைசெய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு விழுவதற்கும் அடுப்பை எட்டித் தொடுவதற்கும் அதுபோல் வசதி செய்து தரும் சாமான் வேறில்லை.

காரில் குழந்தையை உட்காரவைத்துப் பெல்ட் போடும் தனி இருக்கையான கார் சீட் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது: வரலாறு தெரியாத சீட்டை வாங்காதீர்கள். விபத்தில் சிக்கிய சீட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். பிளாஸ்டிக் ஓட்டின் அடியில் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருக்கும். பெரும்பாலானவை 6 முதல் 10 ஆண்டுகளில் காலாவதியாகும். ஒரே குடும்பம் புதிதாக வாங்கிப் பயன்படுத்தியது, விபத்தில்லை, தேதி முடியவில்லை, லேபிளும் பெல்ட்டும் கையேடும் இருக்கின்றன என்று நேரில் சொல்பவரிடம் மட்டும் வாங்கலாம். அது முடியாதென்றால் கார் சீட்டையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தப்பில்லை.

தள்ளுவண்டி பரவாயில்லை. பிரேக், பெல்ட், மடக்கும் கீல் மூன்றும் சரியாக இருந்தால் போதும். எதுவாக இருந்தாலும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்று இணையத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். பொம்மைகளில் இரண்டு சோதனை. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற அளவு சின்னதாக எதுவும் இருக்கக்கூடாது, கழன்று வரும் உதிரிப் பாகமும் கணக்கில் சேரும். பட்டன் பேட்டரி போட்ட எதற்கும் மூடி திருகால் இறுக்கியிருக்க வேண்டும். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். மருந்து, பிரித்த க்ரீம், பவுடர் டப்பா எதுவும் வேண்டாம்.

துணிக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் விரித்துப் பாருங்கள். குழந்தைத் துணியில் ஒரு தொந்தரவு உண்டு: கக்கிய பால் துவைத்த அன்று கண்ணுக்குத் தெரியாது, பெட்டியில் ஆறு மாதம் இருந்தபின் கழுத்தைச் சுற்றி மஞ்சளாகக் கிளம்பும். கொடுத்தவர் "துவைத்துத்தான் வைத்தேன்" என்று சொல்வது பொய்யில்லை. எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், நொறநொறவென்று சத்தம் வந்தால் உயிர் போய்விட்டது. பட்டன்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். தொப்பியிலோ கழுத்திலோ நாடா இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். வந்த எல்லாவற்றையும், சுத்தமாகத் தெரிந்தாலும், வாசனையில்லாத சோப்பில் வெந்நீரில் ஒருமுறை துவைத்து நன்றாக உலர்த்திய பிறகே அலமாரிக்கு அனுப்புங்கள்.

கழித்த துணி எங்கே போகும் என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். வருவதில் கணிசமான பங்கு கழிவுதான். துடைக்கும் துணியாக வாங்குபவர்கள் இருந்தால் நல்லது. அந்த வழி இல்லாமல் ஆரம்பித்த குழுக்கள் கடைசியில் தங்கள் வீட்டு மாடிப்படியில் மூட்டைகளோடு வாழ்கின்றன.

அலமாரியில் வயதை வைத்து அடுக்காமல் எடையை வைத்து அடுக்குங்கள். "6 மாதம்" என்று லேபிள் ஒட்டிய உடை ஒவ்வொரு பிராண்டிலும் ஒவ்வோர் அளவில் இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயது ஒரு கணக்கே இல்லை.

அறிவிப்பு வாசகம் கேட்டிருந்தீர்கள். பணியாளர்களிடம் பேசி முடித்தபின் ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"கைக்குழந்தை இருக்கும் குடும்பங்களுக்காக இந்த மாதம் நாங்கள் கேட்பது: நடுத்தர, பெரிய அளவு டயப்பர் (பிரித்த பாக்கெட்டும் சரி), ஒன்று முதல் இரண்டு வயதுக்கான துவைத்த உடை, போர்வை, துவாலை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட உடை போதிய அளவு இருக்கிறது. பால் பவுடர், புட்டி, கார் சீட், வாக்கர், மருந்து வாங்குவதில்லை. கட்டில், தள்ளுவண்டி தர விரும்பினால் முதலில் படம் அனுப்புங்கள். சனிக்கிழமை காலை மட்டும் நேரில் வாங்குகிறோம், வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்."

கடைசி வரி முக்கியம். ஆளில்லாத நேரத்தில் வைத்துவிட்டுப் போகிற மூட்டைகளில்தான் உடைந்த சாமான் எல்லாம் இருக்கும். நேரில் வந்தால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கலாம். "இது எங்களுக்கு உதவாது, சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். "இல்லாதவர்களுக்கு இதுவே அதிகம்" என்று சொல்பவரும் வருவார். அவரிடம் வாதாட வேண்டாம், பொருளை மட்டும் வாங்காதீர்கள்.

கொடுக்கும் விதத்துக்கு ஒரு பழைய முன்மாதிரி பின்லாந்தில் இருக்கிறது. 1938-இல் வறிய தாய்மார்களுக்கு என்று அந்த அரசு ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கியது. குழந்தைக்கு வேண்டிய துணிமணி உள்ளே, அடியில் சின்ன மெத்தை. 1949-இலிருந்து வசதி பார்க்காமல் எல்லாத் தாய்மார்களுக்கும் அதே பெட்டி. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எல்லோருக்கும் என்று ஆனபின், அதை வாங்குவதில் யாருக்கும் கூச்சம் இல்லாமல் போயிற்று. உங்களால் எல்லோருக்கும் கொடுக்க முடியாதுதான். ஆனால் அந்தக் கூச்சத்தைக் குறைக்க முடியும்.

வரிசையில் நிற்கவைக்காதீர்கள், மேடை போடாதீர்கள், தாயையும் குழந்தையையும் பையோடு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் அடுக்கிய அலமாரியை எடுங்கள். வருமானச் சான்று கேட்காதீர்கள். அனுப்பிவைக்கும் செவிலியரின் ஒரு வார்த்தை போதும். பெயர், விலாசம் அவரிடமே இருக்கட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது குழந்தையின் எடை, பிறந்த மாதம், என்ன தேவை, அவ்வளவுதான். வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணின் விலாசம் உங்கள் நோட்டில் இருப்பது அவளுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

முடிந்தால் தாயே வந்து எடுத்துக்கொள்ள விடுங்கள். நீங்கள் கட்டிவைத்த பையில் இருக்கும் ஆறு சட்டையில் நாலு அவளுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது ஏற்கெனவே இருக்கலாம். அலமாரி முன் நின்று "இந்தப் பச்சை வேண்டாம், அந்தக் கோடு போட்டது கொடுங்கள்" என்று கேட்கட்டும். "எத்தனை பிள்ளை?", "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்ற விசாரணை எல்லாம் வேண்டாம். பையில் தாய்க்கும் ஏதாவது வையுங்கள்: பிரசவத்துக்குப் பின் தேவைப்படும் பெரிய சானிட்டரி நாப்கின், நல்ல சோப்பு, ஒரு உள்ளாடை. வருகிற நன்கொடை முழுக்கக் குழந்தையைச் சுற்றியே இருப்பதால் இதை யாரும் நினைப்பதில்லை. கேட்கத் தாய்க்கும் வெட்கம்.

டயப்பரை ஒருமுறை மொத்தமாகக் கொடுத்து நிறுத்துவதைவிட, ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு பாக்கெட் என்று உறுதியாகத் தர முடிந்தால் நல்லது. பத்துக் குடும்பத்தை ஒரு வருடம் தாங்க முடியும் என்றால் பத்தே எடுங்கள், நூறுக்கு ஆசைப்பட வேண்டாம். குழந்தை பெரிதானதும் சிலர் உடைகளைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதை நிபந்தனையாக்காதீர்கள். கொண்டுவந்தால் மற்ற நன்கொடையாளரிடம் வாங்குவதைப் போலவே வாங்கி, அதே மேசையில் விரித்துப் பார்த்து அலமாரியில் சேருங்கள்.